இரண்டாயிரமாவது ஆள்

என் மனைவி இறந்து பதினொரு வாரங்கள் கழித்து அவளுக்கு வால்ப்ரெய் நகராட்சியிலிருந்து நல்வரவுக் கடிதம் வந்தது. அவள் பெயரைச் சரியாக எழுதியிருந்தார்கள். என் பெயரில் ஓர் எழுத்து தவறு.

இனெஸ் மோன்டெவிடியோக்காரி. நான் பிரெஞ்சுக்காரன். ஒன்பது வருடம் அவள் ஊரில் பிரெஞ்சுப் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தேன். மகள் அனூக்குக்கு ஆறு வயதானபோது பிரான்ஸுக்கே போய்விடுவதென்று முடிவு செய்தோம். எந்த ஊருக்கு என்பதுதான் பாக்கி.

நான் பன்னிரண்டு சிறு நகரங்களைப் பட்டியல் போட்டேன். மழை, வாடகை, பள்ளி, மருத்துவமனைக்கு எத்தனை நிமிடம் என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் கொடுத்தேன். மூன்று வாரம் ஆனது. இனெஸ் அதை முழுக்கப் பார்த்துவிட்டுக் கணினியை மூடினாள்.

"இதெல்லாம் சரி. திங்கட்கிழமை ரொட்டிக்கடை திறந்திருக்குமா?"

"பெரும்பாலும் மூடியிருக்கும்."

"அதான் கேக்குறேன். திங்கட்கிழமைன்னாலே மனுஷனுக்கு அழுகை வரும். அன்னிக்குப் பாத்துக் கடையை மூடுறாங்களே, உங்க ஆளுங்களுக்கு மனசே கிடையாதா?"

பன்னிரண்டு நகராட்சிகளுக்கும் அவளே தொலைபேசியில் பேசினாள். ஏழு ஊரில் இல்லை என்றார்கள். மூன்று ஊரில் அது தங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல என்றார்கள். ஓர் ஊரில் கேள்வியைத் தபாலில் அனுப்பச் சொன்னார்கள். வால்ப்ரெயில் மட்டும் "உண்டு" என்றார்கள்.

அப்படித்தான் ஊரைத் தேர்ந்தெடுத்தோம். பிறகு தெரிந்தது, ஊர்தான் எங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று. வெளிநாட்டிலிருந்து வரும் குடும்பங்களுக்கென்று வால்ப்ரெய் ஒரு திட்டம் வைத்திருந்தது. பழைய தபால் நிலையத்தின் மாடி வீடு, பாதி வாடகையில். விண்ணப்பம் இருபத்திரண்டு பக்கம். பதினான்காம் கேள்வி: "உங்கள் குடும்பம் மகிழ்ச்சியானதா? இல்லையெனில் காரணத்தை ஒரு வரியில் எழுதவும்." அடுத்து நேர்காணல். திரையில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அனூக் இன்னும் எத்தனை வருடம் குழந்தையாக இருப்பாள் என்று ஒருவர் கேட்டார். பன்னிரண்டு என்றேன். எழுதிக்கொண்டார்.

கையெழுத்துப் போட்ட அன்று இனெஸ் சொன்னாள்: "பாஸ்தியான், சின்ன வயசிலிருந்து ஒன்பது வீடு மாறிட்டேன். இதோட சரி. இனிமே என்னை யாரும் மூட்டை கட்டக்கூடாது. செத்தாலும் அந்த ஊர்லயே புதைச்சிடு. காத்துல கீத்துல தூவிடாதே. எனக்குக் குளிரும்."

ஏப்ரல் ஒன்பதாம் தேதி, பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தவள் கீழே உட்கார்ந்தாள். அவ்வளவுதான். மூளையில் ஒரு ரத்தக்குழாய் என்றார்கள்.

வால்ப்ரெய்க்கு எழுதினேன். அவர்களுடைய இணையதளத்தில் இதற்கென்று இருந்த ஒரே இடம் 'குடும்பத்தில் மாற்றம்'. அங்கே எழுதினேன். உடனே தானியங்கிப் பதில் வந்தது: "உங்கள் குடும்பத்தில் ஏற்பட்ட மாற்றத்துக்கு வால்ப்ரெய் நகராட்சியின் மனமார்ந்த வாழ்த்துகள்."

போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் அங்கே வேலையை விட்டாயிற்று, வீட்டைக் காலி செய்தாயிற்று. அவளுக்குக் கொடுத்த வாக்கு வேறு இருந்தது. ஆகஸ்டில் கிளம்பினோம். சாம்பல் கலசம் என் கைப்பையில்.

வால்ப்ரெய் ரயில் நிலையத்தில் நான்கு பேர் கொண்ட வாத்தியக் குழு நின்றது. மேயர் மதாம் ஷாஸால் மூவர்ணப் பட்டை அணிந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் விரலை நீட்டி எண்ணினார்.

"நல்வரவு முசியே ரூவே! ஒண்ணு... ரெண்டு..." விரல் நின்றது. "மதாம் ரூவே இன்னும் இறங்கலையா?"

"இறங்கிட்டாங்க. பையில இருக்காங்க."

மேயர் பையைப் பார்த்தார். வாத்தியக்காரர்களிடம் யாரும் எதுவும் சொல்லாததால் அவர்கள் தொடர்ந்து வாசித்தார்கள்.

"என்னிக்கு?"

"ஏப்ரல் ஒன்பது."

மேயர் திரும்பினார். பின்னால் நகராட்சிச் செயலாளர் ஒதேத் ஒரு கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். "ஒதேத், இவங்களை எப்போ பட்டியல்ல ஏத்தினோம்?"

"ஏப்ரல் மூணு, மதாம்."

மேயர் மூச்சு விட்டார். "அப்ப உயிரோட இருக்கும்போதுதான். சுத்தமான பதிவு." பிறகு என் கையைப் பிடித்தார். "ஆழ்ந்த அனுதாபங்கள். கவலையே படாதீங்க. வால்ப்ரெய் யாரையும் கைவிடாது. அதுவும் பட்டியல்ல இருக்கிறவங்களை."

விஷயம் இதுதான். ஊரில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு பேர் இருந்தார்கள். இரண்டாயிரம் பேர் இருந்தால் நகரம். ஒருவர் குறைந்தாலும் கிராமம். நகரம் என்றால் ரயில் நிற்கும், நகராட்சியில் உறுப்பினர் நாற்காலிகள் கூடும், மேயர் மற்ற மேயர்களோடு முதல் வரிசையில் உட்காரலாம். ஜனவரியில் கணக்கெடுப்பு. நாங்கள் மூன்று பேர்.

ஊர் எல்லையில் புதிய பலகையைத் திறந்துவைத்தார்கள். 'வால்ப்ரெய் நகரம். மக்கள் 2000.' துணியை இழுத்தவர் ஃபிர்மேன். ஊரின் ஒரே நகராட்சித் தொழிலாளி. தோட்டம், சாக்கடை, கல்லறை, கிறிஸ்துமஸ் விளக்கு எல்லாம் அவர்தான்.

"பெயின்ட் காய்ஞ்சாச்சு மதாம்," என்றார் ஃபிர்மேன். "இனிமே ஊர்ல யாரும் சாகக்கூடாது."

"வாயை மூடு ஃபிர்மேன்."

"நான் எல்லாரையும் பாத்துத்தான் சொன்னேன். உங்களையும் சேத்து."

மறுநாள் திங்கட்கிழமை. காலையில் அனூக்கை அழைத்துக்கொண்டு ரொட்டிக்கடைக்குப் போனேன். இரும்புக் கதவு இறக்கியிருந்தது. திங்கள் விடுமுறை என்று ஒரு பழைய தாள் ஒட்டியிருந்தது.

"திறந்திருக்கும்னு அம்மா சொன்னாங்களே," என்றாள் அனூக்.

நேராக நகராட்சிக்குப் போனேன். ஒதேத் மட்டும் இருந்தார்.

"மார்ச் மாசம் ஒருத்தி போன் பண்ணினா. திங்கட்கிழமை ரொட்டிக்கடை உண்டான்னு கேட்டா. எடுத்தது யாரு?"

ஒதேத் கண்ணாடியைக் கழற்றினார். "நான்தான். யார் எது கேட்டாலும் உண்டுன்னு சொல்லணும்னு மேயர் உத்தரவு. ஒருத்தர் கடல் இருக்கான்னு கேட்டார். உண்டுன்னு சொன்னேன்."

ஒதேத் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அது உங்க மனைவியா முசியே? 'நிஜமாவா? நன்றி, நன்றி'ன்னு ரெண்டு தடவை சொன்னாங்க. ஒரே சிரிப்பு. போனை வச்சதுக்கப்புறம் எனக்குத்தான் ஒரு மாதிரி இருந்துச்சு."

அடுத்த திங்கட்கிழமை என் கதவுக் கைப்பிடியில் ஒரு துணிப்பை தொங்கியது. உள்ளே ரொட்டி. ஞாயிற்றுக்கிழமை வாங்கியது. பெயரில்லை. அதன் பிறகு ஒவ்வொரு திங்களும் தொங்கியது.

செப்டம்பரில் கல்லறைக்கு விண்ணப்பித்தேன்.

"ஊர்க் கல்லறையில இடம் யாருக்கு?" என்று கேட்டேன்.

"ஊர்க்காரங்களுக்கு மட்டும்," என்றார் ஒதேத்.

"இனெஸ் ஊர்க்காரிதானே?"

"சந்தேகமே இல்ல. வரிசை எண் ரெண்டாயிரம்."

"அப்ப இடம் குடுங்க."

"குடுக்கலாம். அதுக்கு இறப்பைப் பதியணும். பதிஞ்சா அவங்க ஏப்ரல்லயே போயிட்டாங்கன்னு ஆகும். நீங்க வந்தது ஆகஸ்ட்ல. அப்ப அவங்க இங்க வாழவே இல்ல. வாழாதவங்களுக்கு இடம் இல்ல."

"பதியலைன்னா?"

"பதியலைன்னா உயிரோட இருக்காங்க. உயிரோட இருக்கிறவங்களைப் புதைக்கக் கூடாது முசியே. சட்டத்துல கடுமையாச் சொல்லியிருக்கு." அவர் குரலில் கேலி இல்லை. படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நானும் மூணு தடவை படிச்சுட்டேன். எந்தப் பக்கமாப் போனாலும் புறப்பட்ட இடத்துக்கே வருது."

மேயரைப் பார்த்தேன். அவர் எனக்கு நாற்காலி கொடுத்தார், காபி கொடுத்தார்.

"முசியே ரூவே, நான் உங்க வலியை மதிக்கிறேன். நானும் கணவனை இழந்தவதான். ஆனா அவர் தேர்தல் முடிஞ்சதுக்கப்புறம் போனார். அவ்வளவு பொறுப்பு அவருக்கு. ஜனவரி வரைக்கும் பொறுத்துக்குங்க. அவங்களுக்கு என்ன அவசரம்?"

அவளுக்கு அவசரம் இல்லை என்பது உண்மைதான். காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

அந்த மாதம் ஊரில் ஒரு முதியவர் இறந்தார். அதே வாரம் ஒரு குழந்தை பிறந்தது. மேயர் இரண்டு வீட்டுக்கும் ஒரே பூங்கொத்தை அனுப்பினார். முதலில் ஒரு வீடு, பிறகு அடுத்த வீடு.

இனெஸுக்குக் கடிதங்கள் வரத் தொடங்கின. மூன்று பேர் வீட்டுக்கான பெரிய குப்பைத்தொட்டி வந்தது. நூலக அட்டை வந்தது. அக்டோபரில் அவளை ஊர் மலர்க் குழுவின் உறுப்பினராக்கினார்கள். ஒருமனதான தேர்வு. தேர்ந்தெடுக்கப்பட்டவரிடமிருந்து ஆட்சேபணை எதுவும் வரவில்லை என்று தீர்மானத்தில் எழுதியிருந்தது.

மலர்க் குழுவின் வருகைப் பதிவேடு ஃபிர்மேனிடம் இருந்தது. கூட்டம் முடிந்ததும் யார் வந்தார், யார் வரவில்லை என்று அவர்தான் எழுதுவார். மாதம் ஒரு கூட்டம். அக்டோபர்: மதாம் ரூவே வரவில்லை, மன்னிப்புக் கோரியுள்ளார். நவம்பர்: வரவில்லை, மன்னிப்புக் கோரியுள்ளார். டிசம்பரில் ஒரு நாள் சாக்கடை மூடியைச் சரிசெய்துகொண்டிருந்தவர் என்னைப் பார்த்து எழுந்தார்.

"முசியே, எனக்கு எழுத வெக்கமா இருக்கு. எழுதுறதுக்கு ரெண்டே வார்த்தைதான் குடுத்திருக்காங்க. ஒண்ணு 'வந்திருந்தார்', இன்னொண்ணு 'மன்னிப்புக் கோரியுள்ளார்'."

"பரவாயில்ல."

"அவங்க எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்? கேக்க வேண்டியவங்க வேற ஆளுங்க."

அதே மாதம் இனெஸுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. தொடர்ந்து மூன்று கூட்டங்களுக்கு வராததால் விளக்கம் தரவேண்டும். நான்கு நாள் கழித்து இன்னொரு கடிதம். இந்த ஆண்டின் சிறந்த புதுக்குடியாக அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வந்த நாளிலிருந்து அவள் மீது ஒரு புகார்கூட இல்லை. என் மீது ஒன்று இருந்தது. குப்பைத்தொட்டியைத் தவறான நாளில் வெளியே வைத்தேன்.

இரண்டு கடிதங்களையும் கலசத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். கலசம் அலமாரி மேல் இருந்தது. பள்ளியிலிருந்து வந்ததும் அனூக் அலமாரியைப் பார்த்து அன்றைய கதையைச் சொல்வாள். நான் புதிதாகச் சேர்ந்த பள்ளியின் விடைத்தாள்களைத் திருத்துவதுபோல் இருப்பேன்.

ஜனவரியில் மேயரின் புத்தாண்டு வாழ்த்து விழா. ஊர் முழுக்க விழா மண்டபத்தில் கூடியது. கணக்கெடுப்பு ஆய்வாளரையும் அழைத்திருந்தார்கள். மெல்லிய, சளி பிடித்த மனிதர். கையில் பட்டியல். ஊருக்கு வெளியிலிருந்து வந்தவர்களை மட்டும் சரிபார்ப்பது அவர் வேலை.

மேயர் பேசினார்:

"இந்தக் காலத்துல எல்லாரும் ஊரை விட்டு ஓடுறாங்க. ஆனா வால்ப்ரெய்க்கு ஒரு தடவை வந்தவங்க போறதில்ல. மதாம் ரூவேயைப் பாருங்க. சத்தம் போடறதில்ல. எதுவும் கேக்கிறதில்ல. வண்டியைக் குறுக்க நிறுத்துறதில்ல. எல்லாரும் அவங்களை மாதிரி இருந்துட்டா நிர்வாகம் எவ்வளவு சுலபம்! இன்னிக்கு உடம்பு சரியில்லாததால வரல. அவங்க சார்பா நாம எல்லாரும் கைதட்டுவோம்."

கைதட்டினார்கள். நானும் தட்டினேன். கை தானாகத் தட்டியது.

பிறகு கலெத் வெட்டினார்கள். பாதாம் வைத்த பெரிய வட்ட அப்பம். உள்ளே எங்கோ ஒரு சிறு பீங்கான் பொம்மை ஒளிந்திருக்கும். அது யார் துண்டில் வருகிறதோ அவருக்குக் காகிதக் கிரீடம். யாருக்கு எந்தத் துண்டு என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்யக்கூடாது. கூட்டத்தில் மிகச் சின்னப் பிள்ளை மேசைக்கு அடியில் உட்கார்ந்து, வெட்டுவது கண்ணுக்குத் தெரியாமல், பெயர் சொல்ல வேண்டும். எல்லா வீட்டிலும் அப்படித்தான். அன்று மேயரின் மேசையில் சின்னவள் அனூக்.

"இது யாருக்கு?" என்றார் மேயர், கத்தியைத் தூக்கி.

"ஒதேத் அத்தைக்கு," என்றது மேசைத்துணிக்கு உள்ளிருந்து குரல்.

"இது யாருக்கு?"

"உங்களுக்கு."

"ரொம்ப நன்றி. இது?"

"சளி பிடிச்சவருக்கு."

சிரித்தார்கள். ஆய்வாளரும் சிரித்து மூக்கைத் துடைத்தார்.

"இது யாருக்கு?"

"எங்க அம்மாவுக்கு."

யாரும் சிரிக்கவில்லை. மேயர் கத்தியைத் துண்டுக்கு அடியில் செலுத்தினார். கத்தி எதிலோ பட்டு நின்றது. பாதாம் விழுதுக்குள்ளிருந்து பீங்கான் பொம்மையின் தலை தெரிந்தது.

"அடடே," என்றார் ஆய்வாளர். "அம்மாதான் ராணி! கிரீடம் வைக்கணுமே. அம்மா எங்கே பாப்பா?"

அனூக் துணியை விலக்கி வெளியே வந்தாள். முழங்காலில் தூசி.

"வீட்டுல. அலமாரி மேல."

ஒதேத் வாயைப் பொத்திக்கொண்டார். ஃபிர்மேன் தொப்பியைக் கழற்றினார். மேயரின் முகம் சுண்ணாம்பு போல் ஆனது. ஆய்வாளர் பட்டியலைப் பார்த்தார், அனூக்கைப் பார்த்தார்.

"எந்த வீட்டுல?"

"பழைய தபால் ஆபீஸ் மாடில. எங்க வீட்டுல."

"எப்பவும் அங்கதான் இருப்பாங்களா?"

"எப்பவும். வெளியவே போக மாட்டாங்க."

ஆய்வாளர் பேனாவைத் திறந்தார். "முகவரி பொருந்துது. நிரந்தர வசிப்பு." ஒரு கோடு போட்டார். "அலமாரி மேலயா, கட்டில் மேலயான்னு படிவத்துல கேள்வி இல்ல. ரெண்டாயிரம். வாழ்த்துகள் மதாம் மேயர்."

மண்டபம் கைதட்டியது. வாத்தியக் குழு எழுந்தது. அனூக் கிரீடத்தை எடுத்துக்கொண்டு என் மடியில் வந்து உட்கார்ந்தாள். அம்மாவின் துண்டை ஒரு காகிதத்தில் சுற்றச் சொன்னாள். சுற்றினேன்.

மறுநாள் மேயரிடம் போனேன்.

"கணக்கெடுப்பு முடிஞ்சாச்சு. இப்ப இடம் குடுங்க."

மேயருக்கு வருத்தமாகத்தான் இருந்தது. கண் கலங்கியிருந்தது. "முசியே ரூவே, நேத்து ஒரு அரசு அதிகாரி உங்க மனைவி உயிரோட இருக்காங்கன்னு கையெழுத்துப் போட்டுட்டார். இனிமே அதை மறுத்தா நாம அரசாங்கத்துக்குப் பொய் சொன்னதா ஆகும். அடுத்த கணக்கெடுப்பு அஞ்சு வருஷத்துல. அதுவரைக்கும் தாங்கிக்குங்க."

"அஞ்சு வருஷம் அலமாரி மேலயா?"

"நல்லா யோசிச்சுப் பாருங்க. எத்தனை பேருக்கு மனைவி இன்னும் அஞ்சு வருஷம் இருப்பான்னு எழுத்துல கிடைக்கும்?"

இதை அவர் ஆறுதலாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

நான் வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். பன்னிரண்டு ஊர்களுக்கு மதிப்பெண் போட்டபோது இதற்கு ஒரு வரிசை வைக்கவில்லை. அன்றுதான் முதல்முறையாக அழுதேன். ஒதேத் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பது தெரிந்தது. அவர் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் ஃபிர்மேன் வந்தார். ஒதேத் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து பூட்ஸிலிருந்த மண்ணைத் தட்டினார்.

"முசியே, உங்க மனைவி மலர்க் குழு உறுப்பினர்."

"தெரியும்."

"ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு பாத்தி. அவங்களோடது ஊர்ப் பலகைக்கு அடியில. யாரும் வராததால காலியா கெடக்கு. தன் பாத்தியில உறுப்பினர் எதை வேணாலும் வைக்கலாம். யார் அனுமதியும் வேண்டாம். தீர்மானம் ஏழு. நானே எழுதினது."

நான் அவரைப் பார்த்தேன்.

"கல்லறையை விட இடம் நல்லா இருக்கும். அங்க ஒரே நிழல், ஈரம். இங்க நாள் முழுக்க வெயில் அடிக்கும்."

"அவளுக்குக் குளிர் ஆகாது," என்றேன்.

"அப்ப முழங்கை ஆழம் தோண்டுறேன். இப்ப மண்ணு உறைஞ்சு கெடக்கு. மார்ச் வரட்டும்."

மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை காலை போனோம். கதவில் தொங்கிய துணிப்பையையும் எடுத்துக்கொண்டேன். ஃபிர்மேன் ஏற்கெனவே தோண்டி வைத்திருந்தார். தலைக்கு மேல் பலகை. மக்கள் 2000. மரப்பெட்டிக்குள் கலசத்தை வைத்து இறக்கினோம். அனூக் காகிதக் கிரீடத்தை மேலே வைத்தாள். நசுங்கியிருந்தது, நிமிர்த்தி வைத்தாள்.

"இனிமே மாற வேண்டாம்," என்றேன் குழியைப் பார்த்து. வேறு எதுவும் வரவில்லை.

மண்ணை மூடும்போது மேயரின் கார் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது.

"என்ன ஃபிர்மேன், என்ன நடுறீங்க?"

"டாலியாக் கிழங்கு மதாம்." கையில் நிஜமாகவே இரண்டு கிழங்கு வைத்திருந்தார்.

"நல்லா பூக்குமா?"

"பாத்துக்கிறோம்."

மேயர் என்னைப் பார்த்தார், அனூக்கைப் பார்த்தார், ஃபிர்மேனின் தொப்பி தலையில் இல்லாமல் கையில் இருப்பதைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு பலகையை ஒருமுறை பார்த்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

கிழங்குகளை நட்டோம். புல்வெளியில் உட்கார்ந்து ரொட்டியை மூன்றாகப் பிய்த்தேன். நேற்றைய ரொட்டி, கடினமாக இருந்தது. அனூக் தன் துண்டிலிருந்து கொஞ்சம் கிள்ளிப் பாத்தி மேல் வைத்தாள். மீதியைச் சாப்பிட்டோம்.

ஃபிர்மேன் கையைக் கால்சட்டையில் துடைத்தார். சட்டைக்குள்ளிருந்து மலர்க் குழுப் பதிவேட்டை எடுத்து, முழங்கால் மேல் விரித்து, அன்றைய தேதியைப் போட்டார். மதாம் ரூவே என்று எழுதினார். பேனாவைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு அதன் எதிரே, முதல்முறையாக, 'வந்திருந்தார்' என்று எழுதினார்.